அடைத்த காற்றின் ஆற்றல்: ஜிராண்டோனி துப்பாக்கியின் வரலாறு

காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்த மொழி தமிழ். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. நான்கும் வெளியில் உலவும் காற்றுகள். பாய்மரத்தை உந்துவதும், தூற்றும் நெல்லிலிருந்து பதரைப் பிரிப்பதும் அவற்றின் தொழில். கொல்லன் உலைக்களத்துத் துருத்தியில் மட்டும் காற்று சிறிது நேரம் கட்டுண்டு கிடந்து, பின் வெளியேறித் தீயை வளர்த்தது. அவ்வாறு கட்டுண்ட காற்றைப் பன்மடங்கு நெருக்கி, இரும்புக் கலத்தில் அடைத்து, தொலைவில் நிற்கும் மனிதனை வீழ்த்தும் கருவியாக்கிய வரலாறு ஐரோப்பாவில் நிகழ்ந்தது.

துப்பாக்கி என்றதும் வெடிமருந்தும் புகையும் பேரோசையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஏர் கன் என்னும் பெயரைக் கேட்டாலோ, திருவிழாக் கடைகளில் பலூன்களைச் சுட்டு மகிழும் சிறுவர்களின் விளையாட்டே கண்முன் நிற்கும். ஆயின் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காற்றுத் துப்பாக்கி ஒரு பேரரசின் படைக்கலமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு கண்டத்தைக் கடந்து சென்ற பயணத்தில் அஃது அரசியல் கருவியாகவும் ஆயிற்று. அதன் பொறியமைப்பையும் ஆற்றலையும், அவ்வாற்றல் யாருக்கு என்ன செய்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் தொடக்க வடிவங்களும்

மூச்சுக்காற்றால் சிற்றம்பைச் செலுத்தும் ஊதுகுழல், தென்கிழக்காசியாவிலும் தென்னமெரிக்காவிலும் நெடுங்காலமாக வழங்கிய வேட்டைக் கருவியாகும். மனிதனின் நுரையீரலுக்கு மாற்றாக ஓர் எந்திரத்தை வைத்தால் என்ன என்னும் எண்ணத்திலிருந்தே காற்றுத் துப்பாக்கி பிறந்தது எனலாம். இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் காற்றுத் துப்பாக்கி, ஏறத்தாழ 1580ஆம் ஆண்டைச் சார்ந்தது. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ள அரச படைக்கல அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றிக்கு மாரான் லெ பூர்ஜுவா என்னும் கைவினைஞர் ஒரு காற்றுத் துப்பாக்கி செய்து அளித்தார். சக்கிமுக்கிக் கல்லால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் விசையமைப்பை உருவாக்கியவர் என்ற பெருமையும் இவருக்கே கூறப்படுகிறது. வெடிமருந்தின் வழியையும் அதனை வேண்டாத வழியையும் ஒரே மனிதர் ஆராய்ந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அந்நூற்றாண்டில் காற்றைப் பற்றிய அறிவும் வளர்ந்தது. மாக்டபர்க் நகரத்து ஆட்டோ வான் கெரிக் காற்றை வெளியேற்றும் பம்பை உருவாக்கி, வளிமண்டலத்தின் அழுத்தத்தை மக்கள் கண்முன் மெய்ப்பித்தார். இங்கிலாந்தில் ராபர்ட் பாயில், வெப்பநிலை மாறாதிருக்கையில் காற்றின் பருமனைப் பாதியாகக் குறைத்தால் அதன் அழுத்தம் இருமடங்காகும் என்னும் விதியை 1662இல் வெளியிட்டார். கைவினைஞர் பட்டறிவால் கண்டதற்கு அறிவியல் கணக்குக் கொடுத்தது.

பழைய காற்றுத் துப்பாக்கிகளை இருவகையாகப் பகுக்கலாம். வில்சுருளின் விசையால் ஒரு துருத்தியை நொடியில் அமுக்கி, அப்போதே பிறக்கும் காற்றால் குண்டைச் செலுத்துவது ஒருவகை. இதன் ஆற்றல் அறைக்குள் இலக்குப் பழகுவதற்கே போதுமானது. முன்கூட்டியே பம்பினால் காற்றை ஒரு கலத்தில் நெருக்கி நிரப்பி, சுடுந்தோறும் சிறிதளவு வெளிவிடுவது மற்றொரு வகை. அக்கலம் குழலின் கீழே தொங்கும் செப்புருண்டையாகவோ, தோளில் பொருத்தும் பின்கட்டையாகவோ அமையும். ஜெர்மானியச் சிற்றரசர்களும் பிரபுக்களும் மானையும் பன்றியையும் வேட்டையாடியது இவ்விரண்டாம் வகைத் துப்பாக்கியாலேயாம். போர்க்களம் புகுந்ததும் இவ்வகையே.

ஜிராண்டோனியின் கருவி

ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள அம்பெட்சோ பகுதியில் பிறந்தவர் பார்த்தலோமியஸ் ஜிராண்டோனி. இவர் 1780ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய மீள்சுடு காற்றுத் துப்பாக்கியை, அப்போது ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் ஜோசப் தம் படைக்கு ஏற்றார். செய்முறை மறைவாகக் காக்கப்பட்டது. ஜெர்மன் மொழியில் இதற்கு வழங்கிய 'விண்ட்பியூக்செ' என்னும் பெயருக்குக் காற்றுத் துப்பாக்கி என்பதே நேர்பொருள்.

இதன் நீளம் ஏறத்தாழ 4 அடி. எடை சுமார் 4.5 கிலோ. குழலின் உட்புறத்தில் சுரிவரைகள் வெட்டப்பட்டிருந்தமையால் குண்டு சுழன்று நேராகச் சென்றது. தோளில் அணைக்கும் பின்கட்டை மரத்தாலானது அன்று. இரும்புத் தகட்டை வளைத்து, தறையாணி அடித்து, விளிம்புகளைப் பற்றவைத்துச் செய்த கூம்பு வடிவக் கலமாகும். அதனைத் திருகிக் கழற்றவும் மாட்டவும் இயலும். அதுவே காற்றுக் களஞ்சியம்.

குழலின் பக்கவாட்டில் 20 அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட ஈயக்குண்டுகளைக் கொள்ளும் மெல்லிய குழாய் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. குழலின் அடிப்பகுதியில் குறுக்காக நகரும் சிறு கட்டை ஒன்று உண்டு. வீரன் துப்பாக்கியின் வாயை மேல்நோக்கிச் சாய்த்து, அக்கட்டையை விரலால் அழுத்துவான். குழாயிலிருந்து ஒரு குண்டு தன் எடையாலேயே உருண்டு கட்டையில் உள்ள குழியில் விழும். விரலை எடுத்ததும் வில் அக்கட்டையைத் திரும்பத் தள்ள, குண்டு குழலுக்கு நேராக வந்து நிற்கும். பின்னர்ச் சுத்தியலை இழுத்து வைத்து விசையை அழுத்தினால், சுத்தியல் ஓர் ஊசியை உந்த, அவ்வூசி கலத்தின் வால்வைக் கண்ணிமைப் பொழுது திறக்கும். பாய்ந்த காற்று குண்டைத் தள்ளும். உள்ளிருக்கும் அழுத்தமும் வில்லும் வால்வை உடனே மூடிவிடும். ஒரு குண்டுக்கு வேண்டிய காற்றை மட்டும் அளந்து கொடுப்பதே இவ்வால்வின் நுட்பம். இக்கருவியின் உயிர்நிலை அதுவே.

அக்காலத்து மஸ்கட் துப்பாக்கியைக் கையாண்ட வீரன், ஒவ்வொரு முறையும் மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் கெட்டித்து, காதில் மருந்திட்டுச் சுட வேண்டும். நன்கு பயின்றவனும் நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறையே சுட இயலும். அதற்கும் பெரும்பாலும் எழுந்து நிற்க வேண்டும். ஜிராண்டோனியின் கருவியை ஏந்தியவனோ படுத்த நிலையிலேயே ஒரு நிமிட அளவில் 20 குண்டுகளைச் செலுத்தினான். புகை இல்லை, ஆதலால் அவன் இருக்குமிடம் தெரியவில்லை. தீப்பொறி இல்லை, ஆதலால் இரவிலும் காட்டிக்கொடுக்கவில்லை. ஓசை முற்றும் இல்லாமற் போகவில்லையாயினும் வெடிமருந்தின் முழக்கத்தின்முன் அது மிகச் சிறிது. மழையில் நனைந்து கெடுவதற்கு மருந்தும் இல்லை.

காற்றின் கணக்கு

இத்தனை நன்மைகளையும் கண்டு வியப்பவர், அவற்றின் விலையையும் காண்டல் வேண்டும். முழுதும் நிரப்பிய கலத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 55 வளிமண்டலம். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் சுமார் 55 கிலோ எடையை ஏற்றிவைத்தாற்போன்ற அழுத்தம். மிதிவண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றைப்போல் பத்து மடங்கிற்கும் மேற்பட்டது இது.

இவ்வழுத்தத்தை மனிதன் தன் கைகளால் உண்டாக்க வேண்டுமாயின் பம்பின் தண்டு மெலிதாக இருத்தல் வேண்டும். தண்டின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டராயின் இறுதி அடிகளில் 55 கிலோ விசை வேண்டும். ஒருவன் தன் உடலின் எடையைச் சாய்த்து அதனைத் தரலாம். பரப்பு இருமடங்காயின் விசையும் இருமடங்காகி, அவன் எடைக்கு அடங்காது. தண்டு மெலியவே, ஓர் அடிக்கு உட்செல்லும் காற்றின் அளவும் மெலிகிறது. ஆகவே ஒரு கலத்தை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை பம்பு அடிக்க வேண்டியிருந்தது. நிமிடத்திற்கு 40 முறை அடிப்பதாகக் கொண்டாலும், இடைவிடாத உழைப்பு முக்கால் மணி நேரத்தை நெருங்கும். விரைந்து அடித்தால் பம்பு சூடேறித் தோல் வாஷர் கெடும். சூடான காற்று பின்னர் ஆறும்போது அழுத்தமும் குறையும்.

அவ்வாறு நிரப்பிய கலம் பயனுள்ள வகையில் சுமார் 30 குண்டுகளைச் செலுத்தியது. 1500 அடிகளை 30 குண்டுகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு குண்டின் பின்னும் 50 அடிகளின் உழைப்பு இருப்பது விளங்கும். வெடிமருந்துத் துப்பாக்கியில் இவ்வுழைப்பு வேறிடத்தில், வேறு மனிதரால், முன்னரே செய்யப்பட்டு மருந்தின் வடிவில் வந்து சேர்கிறது. காற்றுத் துப்பாக்கியில் அது வீரனின் தோள்களிலேயே தங்கிவிட்டது.

ஆற்றலையும் அளந்து நோக்குதல் தகும். குண்டின் குறுக்களவு 11.5 முதல் 13 மில்லிமீட்டர் வரை. சிறிய அளவினதாயின் அதன் எடை 10 கிராமை ஒட்டியிருக்கும். அதன் வேகம் ஒலியின் வேகத்தில் ஏறத்தாழ பாதி. நொடிக்கு 150 முதல் 180 மீட்டர் எனக் கொள்ளலாம். மஸ்கட் குண்டோ சுமார் 30 கிராம் எடையுடன் நொடிக்கு 400 மீட்டர் அளவில் புறப்பட்டது. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் மஸ்கட் குண்டின் இயக்க ஆற்றல் பத்து மடங்கிற்கும் மிகுதி. எனினும் நூறு மீட்டர் தொலைவு வரை மனிதனைக் கொல்வதற்குக் காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் போதுமானதாகவே இருந்தது. முதற்குண்டுகள் வலிமையுடன் செல்ல, கலம் வற்ற வற்றப் பிற்குண்டுகள் தளர்ந்து தாழ்ந்தன. சுடுபவன் இலக்கைக் குறிக்கும்போதே கலத்தில் எஞ்சிய காற்றையும் மனத்தில் கணக்கிட வேண்டியவனாயினான்.

படையில் பெற்ற இடம்

இத்துப்பாக்கியைப் பெற்ற வீரனுக்கு, மாட்டியிருந்த கலத்தையன்றி மேலும் இரண்டு நிரப்பிய கலங்களும், கைப்பம்பும், குண்டு வார்க்கும் அச்சும், குண்டுகளை வரிசையாக அடைத்த தகரக் குழாய்களும் வழங்கப்பட்டன. வண்டியில் ஏற்றிய பெரிய பம்புகளும் உடன் சென்றன. 1788 முதல் 1791 வரை துருக்கியருடன் நடந்த போரில் இக்கருவி களத்திற்கு அனுப்பப்பட்டது. செய்யப்பட்டவை மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு அளவில் இருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது. பேரரசின் படைப்பெருக்கத்தை நோக்க இது மிகச் சிறிய எண்ணிக்கை.

1815ஆம் ஆண்டளவில் இது படையிலிருந்து மறைந்தது. பகைவர் அதனை வென்றமையால் நேர்ந்த மறைவு அன்று அது. தோல் வாஷர்கள் உலர்ந்தால் காற்றுக் கசிந்தது. அவற்றை ஓயாது பேண வேண்டியிருந்தது. வால்வில் சிறு தூசு படிந்தாலும் கலம் காலியாயிற்று. தகட்டுக் கலம் நசுங்கினால் ஏந்தியவனுக்கே இடர் நேரலாம். பழுது பார்ப்பதற்குக் கடிகாரக் கைவினைஞனின் நுண்மை வேண்டும். அத்தகையோர் ஊர்தோறும் கிடைப்பதில்லை. நெப்போலியன் காலத்துப் போர்கள் சில வாரங்களில் பயிற்றிவிடக்கூடிய பல்லாயிரம் பேரைக் களத்தில் நிறுத்தின. அவர்களுக்கு எளிதாகச் செய்யவும் எளிதாகச் செப்பனிடவும் இயலும் மஸ்கட் போதுமானதாயிற்று. பின்னர் நனைந்தாலும் எளிதில் கெடாத மோதுபற்றவைப்பு முறை வந்தபோது, காற்றுக்கு இருந்த தனிச்சிறப்பும் குறைந்தது.

காற்றுத் துப்பாக்கியுடன் பிடிபடும் ஆஸ்திரிய வீரனைப் போர்க்கைதியாகக் கருதாமல் உடனே கொன்றுவிடுமாறு நெப்போலியன் ஆணையிட்டார் என்றொரு கதை நூல்கள் பலவற்றில் திரும்பத் திரும்பக் கூறப்படுகிறது. கூறுவோர் அவ்வாணையின் ஏட்டைக் காட்டுவதில்லை. ஆயினும் அக்கதை பரவியமைக்குக் காரணம் உண்டு. எங்கிருந்து வந்தது எனத் தெரியாத சாவு, தெரிந்து வரும் சாவினும் அச்சந்தருவது. புகையும் முழக்கமும் இல்லாமல் கொல்பவனைப் போர்வீரனாக எண்ண மனம் ஒப்பாது, கொலைஞனாகவே எண்ணியது. ஆர்தர் கோனன் டாயில் 1903இல் வெளியிட்ட கதையில், ஷெர்லாக் ஹோம்ஸைக் கொல்ல முயலும் கர்னல் மோரன் கையில் பார்வையற்ற ஜெர்மானியக் கைவினைஞர் ஒருவர் செய்த காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தது, இவ்வச்சத்தின் இலக்கிய வடிவமேயாகும்.

மிசௌரி ஆற்றின் கரைகளில்

1803இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் லூசியானா நிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கின. அந்நிலத்தைக் கடந்து பசிபிக் கடல்வரை சென்று திரும்புமாறு குடியரசுத் தலைவர் ஜெபர்சன், மெரிவெதர் லூயிஸை அனுப்பினார். வில்லியம் கிளார்க் உடன் சென்றார். லூயிஸ் கொண்டுசென்ற பொருள்களுள் ஒரு காற்றுத் துப்பாக்கியும் இருந்தது.

லூயிஸின் பயண நாட்குறிப்பில் முதல் நாளிலேயே அது இடம்பெறுகிறது. 1803 ஆகஸ்டு இறுதியில் பிட்ஸ்பர்க்கிலிருந்து படகு புறப்பட்டுச் சில கல் தொலைவு சென்றதும், ஆற்றிடைத் தீவொன்றில் கூடியிருந்தோர் வேண்டியபடி அவர் அதனை ஏழு முறை சுட்டுக் காட்டினார். பின்னர் அதனைக் கையாளத் தெரியாத ஒருவர் வாங்கியபோது அது தானே சுட்டுவிட்டது. ஏறத்தாழ 40 கெஜத்திற்கு அப்பால் நின்ற பெண்ணொருத்தியின் தொப்பியைத் துளைத்த குண்டு, அவள் நெற்றிப்பொட்டைக் கீறிச் சென்றது. குருதி வழிய அவள் விழுந்தாள். இறந்துவிட்டாள் என்றே எல்லோரும் எண்ணினர். சிறிது பொழுதில் அவள் கண்விழித்தபின்னரே அவர்களுக்கு உயிர் வந்தது. அது விளையாட்டுக் கருவி அன்று என்பதை அப்பயணம் முதல் நாளிலேயே உணர்ந்துகொண்டது.

1804 ஆகஸ்டு 3ஆம் நாள் மிசௌரி ஆற்றங்கரையில் ஓட்டோ, மிசௌரி மக்களின் தலைவர்களுடன் முதல் பேரவை கூடியது. உரைகளும் பரிசில்களும் முடிந்தபின் லூயிஸ் காற்றுத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டினார். பின்னர்ப் பல இனத்தாரிடத்தும் இதுவே வழக்கமாயிற்று. வணிகர்களிடம் துப்பாக்கி வாங்கிப் பழகியவர்களும் மருந்தின்றி, புகையின்றி, அடுத்தடுத்துக் குண்டுமிழும் கருவியை வியந்தனர். பயணக்குழுவில் இருந்தோர் சில பத்துப் பேர், எதிர்கொண்டோர் நூற்றுக்கணக்கானோர். இத்தகைய துப்பாக்கி தம்மிடம் ஒன்றே உண்டு என்பதை லூயிஸ் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. சுடாத துப்பாக்கிகளின் ஆற்றலையும் சுட்ட ஒன்று சுமந்தது என ஆய்வாளர் சிலர் கருதுவது ஏற்கத்தக்கதே.

1805 ஆகஸ்டில் ராக்கி மலைத்தொடரின் விளிம்பில் ஷொஷோனி மக்களைக் குழுவினர் சந்தித்தனர். மலையைக் கடக்கக் குதிரைகள் இன்றியமையாதன. அவை அம்மக்களிடமே இருந்தன. துப்பாக்கி பெற்ற பகையினத்தாருக்கு அஞ்சி மலைகளில் ஒளிந்து, கிழங்கும் கனியும் உண்டு வாழ நேர்ந்ததையும், ஸ்பானியர் தங்களுக்குத் துப்பாக்கி தர மறுப்பதையும் அவர்கள் தலைவர் கமியாவெய்ட் எடுத்துரைத்தார். துப்பாக்கிகளோடு வணிகர் வருவர் என லூயிஸ் உறுதி கூறினார். ஆகஸ்டு 17ஆம் நாள் காற்றுத் துப்பாக்கியையும் சுட்டுக் காட்டினார். அவர்கள் அதனைப் பெருமருந்து என்று, அஃதாவது மனித அறிவுக்கு எட்டாத ஆற்றல் என்று, பெயரிட்டதாக எழுதினார். துப்பாக்கி இல்லாமையால் பசித்திருந்த மக்களுக்குத் துப்பாக்கிகளுள் அரியதொன்று காட்சிப்பொருளாயிற்று.

ஒரு நாட்குறிப்பின் சான்று

லூயிஸ் கொண்டுசென்றது எவ்வகைக் காற்றுத் துப்பாக்கி என்பதில் நெடுங்காலம் பிழையான முடிவே நிலவியது. பிலடெல்பியாவைச் சார்ந்த ஐசையா லூக்கன்ஸ் என்னும் கைவினைஞரின் பொருள்கள் 1847இல் ஏலம் விடப்பட்டபோது, லூயிஸும் கிளார்க்கும் பயன்படுத்தியது என ஒரு துப்பாக்கி அட்டவணையில் குறிக்கப்பட்டது. அதனைக் கொண்டு, ஒருமுறைக்கு ஒரு குண்டே செலுத்தும் லூக்கன்ஸ் வகையே அது என ஆய்வாளர் பலர் கொண்டனர்.

1997இல் தாமஸ் ராட்னி என்னும் நீதிபதியின் 1803ஆம் ஆண்டுப் பயணக் குறிப்பு அச்சேறியது. அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் வீலிங் நகரில் அவர் லூயிஸைச் சந்தித்து, அத்துப்பாக்கியைக் கண்டு எழுதியிருந்தார். நிமிடத்திற்கு 22 முறை சுடுவதையும், குண்டுகள் பக்கக் குழாயில் ஒருங்கே இடப்படுவதையும், ஒவ்வொன்றாக அறைக்குள் விழுவதையும், பின்கட்டையே காற்றுக் கலமாக இருப்பதையும் அவர் விளக்கியிருந்தார். அவ்விளக்கம் ஜிராண்டோனியின் அமைப்போடு முற்றும் பொருந்தியது. ஏலக்காரரின் ஒரு வரி நூற்றைம்பது ஆண்டுகள் நிலைநிறுத்திய முடிவை, கண்டதைக் கண்டவாறு எழுதிய ஒருவரின் சில வரிகள் மாற்றின.

எஞ்சிய ஏடும் எஞ்சாத சொல்லும்

காற்றுத் துப்பாக்கி இன்று விளையாட்டரங்கில் வாழ்கிறது. 1984 முதல் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. 2008இல் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை அதில் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக்கோப்பைப் போட்டியில் தங்கம் பெற்றார். கலத்தில் நெருக்கிய காற்றும், கண்ணிமைப் பொழுது திறந்து மூடும் வால்வும் அதே நெறியில் இன்றும் இயங்குகின்றன. உயிர் மட்டும் இலக்கிலிருந்து நீங்கிவிட்டது.

வரலாற்றின் கணக்கு அவ்வளவில் முடிவதில்லை. முதற்பேரவையில் அமர்ந்த ஓட்டோ, மிசௌரி மக்கள் தம் ஆற்றங்கரை நிலங்களை இழந்து, 1881இல் இன்றைய ஓக்லஹோமாப் பகுதிக்குப் பெயர்ந்தனர். குதிரை தந்து குழுவினரை மலை கடத்திய ஷொஷோனிகளின் வழியினர், தம் லெம்கி பள்ளத்தாக்கிலிருந்து 1907இல் போர்ட் ஹால் ஒதுக்கிடத்திற்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் நிலத்தைக் கைக்கொண்டது காற்றுத் துப்பாக்கி அன்று. ஒப்பந்தங்களும் ஆணைகளும், அவற்றின் பின் வந்த குடியேற்றமுமே. ஆயினும் பின்னர் வந்த ஆற்றலுக்கு முன்னறிவிப்பாக ஆற்றங்கரையில் ஒலித்தது அதன் மெல்லோசை.

குண்டு எத்தனை தொலைவு சென்றது என்பதும், எத்தனை பேர் வியந்தனர் என்பதும் பயணிகளின் ஏடுகளில் உள்ளன. வியந்து நின்றோர் தம் குடிசைகளுக்குத் திரும்பி அன்றிரவு என்ன பேசிக்கொண்டனர் என்பதை அவர்தம் மொழியில் எழுதி வைத்தவர் அங்கு எவருமிலர். ஒரு பெண்ணின் தொப்பியில் விழுந்த துளைக்குக் கூட ஏட்டில் இடம் கிடைத்தது, அப்பேச்சுக்குக் கிடைக்கவில்லை. படைக்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் அழுத்தத்தையும் வேகத்தையும் அளப்பதோடு இவ்விடைவெளியையும் குறித்துச் செல்லுதல் கடனாகும்.